மழையில் அகல டயர்

இந்த மாதம் அறிவியல் பக்கம் என் முறை. கருந்துளை பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதை எல்லோரும் எழுதியாச்சு. அதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை, நான் சொன்ன ஒரு தப்பான யோசனையால் தெரிந்துகொண்டது. தங்கச்சியிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். (எட்டாம் வகுப்பு. முன்பல் பாதி உடைந்திருக்குமே, அவள்தான்.)

மாமாவிடம் ஒரு மாருதி 800 இருக்கிறது, 2009 மாடல். அவருக்கு அது கார் இல்லை, இன்னொரு பிள்ளை. எனக்கு ரேஸ் கார் பைத்தியம் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். "மாமா, டயர் ரொம்ப ஒல்லியா இருக்கு. அகலமா போடுங்க, ரேஸ் கார் மாதிரி ரோட்டைப் பிடிச்சுக்கும்" என்று இரண்டு மாதம் நச்சரித்தது நான்தான். கடைசியில் மாமாவும் 12 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் 13 அங்குல அலாய் வீலும் 175 டயரும் வாங்கிப் போட்டார். 175 என்றால் டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். கம்பெனி கொடுத்தது 145தான். சும்மா சொல்லக் கூடாது, வெயில் காலத்தில் வண்டி வளைவுகளில் அப்படிப் பிடித்தது. மாமா என்னை "மெக்கானிக் மாப்ளே" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

போன ஐப்பசியில் மரக்காணத்தில் ஒரு காதுகுத்து. முடிந்து சாயங்காலம் ஈ.சி.ஆர். வழியாகத் திரும்பினோம். கனகசெட்டிக்குளம் நெருங்கும்போது மழை கொட்ட ஆரம்பித்தது. நான் முன் சீட்டில் இருந்தேன், ஸ்பீடாமீட்டர் 80ல் நின்றது. ரோட்டில் ஒரு தாழ்வான இடம், தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதே தெரியவில்லை. திடீரென்று டயர் சத்தம் நின்றுபோய் இன்ஜின் சத்தம் மட்டும் 'ஊ...' என்று ஏறியது. மாமா பயந்து பிரேக்கை அழுத்தினார். ஸ்டீயரிங்கையும் ஒடித்தார். ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் வண்டி வெடுக்கென்று திரும்பி, இடது பக்க மண்ணில் இறங்கி, சவுக்குத் தோப்பு வேலியில் போய் நின்றது. பின் சீட்டில் இருந்த தங்கச்சி முன் சீட்டு முதுகில் மோதினாள். பல் போனது அப்போதுதான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. வண்டி வலது பக்கம் திரும்பியிருந்தால் இந்தப் பக்கத்தை இந்த மாதம் வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

"ஸ்டீயரிங் காத்துல சுத்துற மாதிரி இருந்துச்சுடா" என்றார் மாமா. அவர் சொன்னது அறிவியல்படி ரொம்பச் சரி. அந்த நேரத்தில் டயருக்கும் ரோட்டுக்கும் தொடர்பே இல்லை. நடுவில் தண்ணீர் இருந்தது, வண்டி அதன்மேல் மிதந்தது. இதை அக்வாபிளேனிங் என்கிறார்கள். விமானக்காரர்கள் ஹைட்ரோபிளேனிங் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

நடந்ததை எங்கள் இயற்பியல் சாரிடம் சொன்னேன். "அகல டயர் போட்டா பிடிமானம் கூடும்னு யாரு சொன்னது? உராய்வுப் பாடத்துல என்ன படிச்ச?" என்று கேட்டார். உராய்வு விசை, அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல. பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்! (ரப்பர் இந்த விதிக்கு முழுசாக அடங்காது, காய்ந்த ரோட்டில் அகல டயருக்குக் கொஞ்சம் லாபம் உண்டு என்றும் சார் சொன்னார். அதனால்தான் ரேஸ் கார்களுக்கு அகல டயர். ஆக, நான் சொன்னது முழுப் பொய் இல்லை. வெயிலுக்கு மட்டும் உண்மை.)

அப்புறம் சார் சொன்னபடி ஒரு சோதனை செய்தேன். மாமா வீட்டு வாசலில் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் டயரில் போஸ்டர் கலர் பூசி, கீழே சார்ட் பேப்பர் விரித்து, மெதுவாக இறக்கினோம். அடுத்து ஸ்டெப்னியாகக் கிடந்த பழைய 145 டயரை மாட்டி அதேபோல் ஒரு பதிவு எடுத்தோம். இரண்டிலும் காற்று 24. அந்த இரண்டு தாள்களையும் இந்தப் பக்கத்துக்கு வலது பக்கம் ஒட்டியிருக்கிறேன், ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சிவப்பு, அகல டயருடையது: அகலம் 15 செ.மீ., நீளம் 7 செ.மீ. நீலம், பழைய டயருடையது: அகலம் 11.5, நீளம் 9. பெருக்கிப் பார்த்தால் ஒன்று 105 சதுர செ.மீ., மற்றது 103.5. கிட்டத்தட்ட சமம்!

எனக்கு இது பெரிய ஆச்சரியம். அகல டயர் போட்டால் ரோட்டைத் தொடும் பரப்பு கூடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூடாது. ஒரு சக்கரத்தின் மேல் விழும் எடையை டயரின் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவதுதான், ஏறக்குறைய, தொடும் பரப்பு. எடையும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை, அப்புறம் பரப்பு மட்டும் எப்படி மாறும்? வடிவம்தான் மாறுகிறது. ஒல்லி டயரின் தடம் நீளவாக்கில், படகு மாதிரி. அகல டயரின் தடம் குறுக்குவாக்கில், பலகை மாதிரி. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். பலகையைக் குறுக்கே பிடித்துத் தள்ளினால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22.2 மீட்டர். தேங்கிய தண்ணீர் 5 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம், அரை சென்டிமீட்டர்தான். 15 செ.மீ. அகல டயர் ஒரு நொடியில் ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் 0.15 × 0.005 × 22.2 கன மீட்டர், அதாவது சுமார் 16.7 லிட்டர். ஒல்லி டயருக்கு 12.8 லிட்டர். நம்ம வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு முன் டயரும் நொடிக்கு ஒரு குடத்துக்கு மேல் தண்ணீரை இறைத்துக்கொண்டே ஓட வேண்டும்! அதற்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 7 செ.மீ. நீளத் தடம் ஒரு இடத்தைக் கடக்க ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் 3 பங்குதான். 9 செ.மீ. தடத்துக்கு 4 பங்கு. அகல டயருக்கு வேலை அதிகம், நேரம் குறைவு.

இறைப்பதற்குத்தான் டயரில் பட்டன்களும் நடுவில் காடிகளும் இருக்கின்றன. புது டயரில் காடி 7, 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். காடிக்குள்ளேயே அந்த உயரத்தில் ஒரு சின்ன ரப்பர் மேடு வைத்திருப்பார்கள், பட்டன் அதோடு சமமானால் டயரின் கதை முடிந்தது. மாமா வாங்கிய செகண்ட் ஹேண்ட் டயரில் அளந்தேன். 2 மில்லிமீட்டர். வாங்கும்போது நானும் கூட இருந்தேன். பளபளவென்று கறுப்பு பாலிஷ் போட்டிருந்ததைத்தான் இருவரும் பார்த்தோம்.

இனி எடை விஷயம். அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹோர்ன் என்று ஒரு ஆராய்ச்சியாளர், மழையில் ஓடுபாதையில் விமானங்கள் வழுக்குவது ஏன் என்று ஆராய்ந்து, 1963ல் தன் சக ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டார். அதில் வந்த சூத்திரம் இன்றைக்கும் விமானிகளுக்குப் பாடம். டயர் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், எந்த வேகத்தில் டயர் மிதக்கும் என்பது 'நாட்' கணக்கில் வரும். நம்ம கிலோமீட்டர் கணக்குக்கு 16.7ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் மட்டும் பங்க்சர் கடையில் சொல்கிற அதே எண்தான், பி.எஸ்.ஐ.

மாமா வண்டிக்குப் போடுங்கள். 24ன் வர்க்கமூலம் 4.9. அதை 16.7ஆல் பெருக்கினால் சுமார் 82 கி.மீ. நாங்கள் போனது 80! இந்தச் சூத்திரம் விமான டயரை வைத்துப் போட்டது. பிறகு அவரே தடத்தின் அகலம், நீளம் இரண்டின் விகிதத்தையும் சேர்த்து அதைத் திருத்தினார். தடம் குறுக்கே அகலமாகவும் நீளத்தில் குட்டையாகவும் இருந்தால் மிதக்கும் வேகம் இன்னும் கீழே இறங்கும். எங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. அதே மழை, அதே தண்ணீர், கிட்டத்தட்ட அதே வேகம். அது ஏன் மிதக்கவில்லை? பஸ் டயரில் காற்று சுமார் 100. வர்க்கமூலம் 10. மிதக்க வேண்டுமானால் 167 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். (காலி பஸ்ஸுக்கும் காலி லாரிக்கும் இதை அப்படியே நம்ப வேண்டாம். சுமை இல்லாவிட்டால் தடம் குட்டையாகி, சீக்கிரமே மிதக்கும்.) பஸ் அவ்வளவு கனம் என்பதால்தான் அத்தனை காற்று வைக்க முடிகிறது. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்குக் காற்றும் குறைவாகத்தான் வைப்பார்கள், இல்லாவிட்டால் குதிக்கும். 18 வைத்த ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்குக் கணக்குப் போட்டால் 71 கி.மீ. வருகிறது! பார்ப்பதற்குப் புலி, மழையில் காகிதக் கப்பல்.

மாமா உடனே "அப்போ காத்தை 40 ஏத்திடலாமாடா?" என்று கேட்டார். கூடாது. காற்று அளவுக்கு மீறினால் தொடும் பரப்பு சுருங்கும், நடுப் பட்டன் மட்டும் ரோட்டில் பட்டுத் தேயும், சாதாரண ஈரத்தில் பிரேக் பிடிக்கவே தூரம் கூடும். வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் எவ்வளவோ அவ்வளவுதான்.

சரி, அகல டயரும் குறைந்த எடையும் ஆபத்து என்றால் ரேஸ்காரர்கள் மழையில் எப்படி ஓட்டுகிறார்கள்? இதைத்தான் நான் அதிகம் தேடிப் படித்தேன்.

நம்ம கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனைத் தெரிந்திருக்கும். 2005ல் ஜோர்டான் அணியில் ஓட்டி, பார்முலா 1ல் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். 2012ல் அவர் எச்.ஆர்.டி. என்ற அணியில் இருந்தார். அந்த வருஷம் மைதானத்திலேயே மெதுவான கார்களில் ஒன்று அது. மார்ச் 25ஆம் தேதி மலேசியாவின் செபாங்கில் போட்டி. தொடங்கும்போது மழை. பெரிய அணிகள் பெரும்பாலும் 'இன்டர்மீடியட்' என்கிற நடுத்தர ஈர டயரோடு புறப்பட்டன. எச்.ஆர்.டி. கார்கள் ஆழமான காடி வெட்டிய முழு மழை டயரோடு கடைசியிலிருந்து புறப்பட்டன. கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக டயர் மாற்ற உள்ளே ஓடினார்கள். நரேன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்தார். மழை தாங்காமல் சிவப்புக் கொடி காட்டிப் போட்டியை நிறுத்தியபோது அவர் இருந்த இடம் 10! உலக சாம்பியன்கள் சிலர் அவருக்குப் பின்னால். ஏறக்குறைய 50 நிமிஷம் கழித்துத் திரும்பத் தொடங்கியது. ட்ராக் காயக் காய அவர் பின்னுக்குப் போனார். ஜென்சன் பட்டன் அவர் காரில் இடித்துத் தன் முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். பிற்பாடு வெட்டலின் டயர் நரேன் காரில் உரசிப் பஞ்சரானது, அதற்கு நரேனுக்குத் தண்டனை நேரமும் கிடைத்தது. அந்தச் சண்டையைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த 10ஆவது இடம்தான் பெரிசு. இன்ஜின் எதுவும் மாறவில்லை, டயரில் காடி இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. 2012 விதிப்படி ஒரு பார்முலா 1 காரின் குறைந்தபட்ச எடை ஓட்டுநரோடு சேர்த்து 640 கிலோ. மாமாவின் மாருதி ஆள் இல்லாமல் சுமார் 650 கிலோ. கிட்டத்தட்ட ஒரே எடை! ஆனால் அதன் பின் டயர் மட்டும் 32 செ.மீ. அகலம். ஓடும்போது இறக்கைகளில் படும் காற்று காரைக் கீழே அழுத்தும், அந்த உதவி மாமா வண்டிக்குக் கிடையாது. டயரும் வேறு. 2017க்குப் பிறகு வந்த பிரெல்லி முழு மழை டயர் ஒவ்வொன்றும் 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை ஒதுக்குமாம், இன்டர்மீடியட் 30 லிட்டர். ஐந்து குடத்துக்கும் மேல்! காய்ந்த ட்ராக்குக்கான 'ஸ்லிக்' டயரில் காடியே கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். மழையில் அதைப் போட்டு ஓட்டினால் உடனே தடம் புரளும். இத்தனை ஏற்பாடு இருந்தும் தண்ணீர் அதிகமானால் அவர்களே போட்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடப்பதாக இருந்த தெருப் பந்தயம்கூட மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலிருந்து தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது.

நம்ம பக்கம் ஏரிப்பாக்கத்திலேயே எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1990ல் திறந்த ரேஸ் ட்ராக்கும் இருக்கிறது. டயர், ரேஸ் இரண்டும் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. (டயருக்கு பிரெஞ்சில் 'ப்னே' என்று சொல்வார்களாம். எதிர்வீட்டுத் தாத்தா சொன்னார். சிரிக்காமல் உச்சரித்துப் பாருங்கள்.) மழையும் தூரத்து விஷயம் இல்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. இந்திரா காந்தி சிலைப் பக்கம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊருக்குள் முழங்கால் தண்ணீரில் யாரும் மிதக்க மாட்டார்கள், அங்கே வேகம் 10கூட இருக்காது. இன்ஜின் அணையும், அவ்வளவுதான். அக்வாபிளேனிங் நடப்பது ஈ.சி.ஆர்., விழுப்புரம் ரோடு மாதிரி நல்ல ரோட்டில், அரை சென்டிமீட்டர் தண்ணீரில்.

மிதந்துவிட்டால் என்ன செய்வது? மாமா செய்ததற்கு நேர் எதிர். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வேகம் தானாகக் குறையும், டயர் திரும்ப ரோட்டைத் தொடும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், சுற்றாத சக்கரம் தண்ணீரை இறைக்காது. ஸ்டீயரிங்கை ஒடித்தால் அப்போது ஒன்றும் ஆகாது. ஆனால் டயர் ரோட்டைத் தொட்ட அந்த நொடியில், ஒடித்த பக்கம் வண்டி வெடுக்கென்று பாயும். நாங்கள் சவுக்குத் தோப்புக்குப் போனது அப்படித்தான். எங்களுக்கு மிதந்த நேரம் ஒரு நொடிகூட இருக்காது. சும்மா இருந்திருந்தால் தாண்டியிருப்போம்.

மிதக்காமல் இருக்க முதல் வழி வேகத்தைக் குறைப்பது. 80லிருந்து 50க்கு இறங்கினால் தண்ணீர் தரும் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது (64க்கு 25). இன்னொன்று, முன்னால் போகும் வண்டியின் டயர் ஒதுக்கிய தடத்திலேயே, ஆனால் நல்ல இடைவெளி விட்டு, போவது. ரோட்டின் ஓரத்தில்தான் தண்ணீர் அதிகம் தேங்கும். ரேஸ்காரர்களும் மழையில் வழக்கமான தடத்தை விட்டு விலகித்தான் ஓட்டுவார்கள், வழக்கமான தடத்தில் தேய்ந்த ரப்பர் படிந்து ஈரத்தில் சோப்பு மாதிரி ஆகிவிடுமாம்.

அம்மா இரண்டு வாரம் மாமாவோடு பேசவில்லை. என்னோடு மூன்று வாரம். மாமா இப்போது பழைய 12 அங்குலச் சக்கரங்களையே மாட்டி, 145 அளவில் நாலு புது டயர் போட்டிருக்கிறார். அலாய் வீல் நாலும் மாடியில் கிடக்கின்றன, ஒன்றில் அத்தை துளசி வைத்திருக்கிறார். தங்கச்சிக்குப் பல்லில் தொப்பி மாட்டப் பொங்கல் லீவில் போகிறோம். செலவு மாமாவுடையது. தினமும் ஒரு வேளை அவள் தட்டைக் கழுவுவது என் தண்டனை.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. என் சைக்கிள் டயரில் காற்று 45. ஹோர்ன் சூத்திரப்படி, பீச் ரோட்டில் மழைத் தண்ணீரில் நான் மிதக்க எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்க வேண்டும்? விடையை ஒரு துண்டுச் சீட்டில், பெயர், வகுப்பு எழுதி, இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கும் கவரில் போடுங்கள். சிவப்புத் தடத் தாளை யாரும் கிழித்துவிடாதீர்கள். இன்னொன்று எடுக்க மாமா விட மாட்டார்.